முழுசாக்கட்டுமா?

ஏழாம் எண் கல்லா என்னுடையது.
பெயர்ப்பட்டையில் நெரெய்தா என்று இருக்கும்,
கடைசி எழுத்து தேய்ந்துவிட்டது.
தோரெயோனில் ஜூன் மாதம்;
கதவு திறக்கும்போதெல்லாம்
யாரோ அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கிறது.

நூற்று எண்பத்தேழு பேசோ,
அறுபத்து மூன்று சென்டாவோ.
"முழுசாக்கட்டுமா?"
மீதி முப்பத்தேழு சென்டாவோ
இந்த மாதம் பிளந்த உதட்டோடு பிறந்த பிள்ளைகளுக்கு.
போன மாதம் ஏதோ ஒரு காட்டுக்கு.
அதற்கு முன் வெள்ளம், அதற்கும் முன் கண்புரை.
பலகையில் படம் மாறும்,
என் வாயில் கேள்வி மாறாது.

ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கேட்கிறேன்.
லாரிக்காரர்கள் "போடு போடு" என்று
ஈ விரட்டுவதுபோல் கையை ஆட்டுவார்கள்.
நீள நகம் வைத்த பெண்கள்
கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் தலையசைத்துவிட்டு
ரசீது வந்த பிறகு "என்ன கேட்டாய்?" என்பார்கள்.
சிலருக்குக் கணக்கில் பின்னம் நின்றாலே ஆகாது.
விரல் உடைந்த புனிதரைப்
பூசை மாடத்தில் வைக்க மனசு வராதே, அதுபோல.
அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை,
எண்ணைச் சரிசெய்கிறார்கள்.

கண்ணாடி போட்ட ஒருவர்
வரிசை முழுதும் கேட்கும்படி சொன்னார்:
"உங்கள் முதலாளி வீட்டு விசேஷத்துக்கு
நான் எதற்கம்மா மொய் எழுத வேண்டும்?"
சொல்லிவிட்டு
பை கட்டித் தரும் எலிசேயோவின் உள்ளங்கையில்
பத்து பேசோ நாணயத்தை அழுத்தி வைத்தார்.

எலிசேயோவுக்குக் கடை சம்பளம் தருவதில்லை.
பச்சை அங்கி மட்டும் தருகிறது,
அதையும் அவரே துவைக்க வேண்டும்.
முட்டை மேலே, சலவைத் திரவம் தனியே,
ரொட்டிக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.
முன்பெல்லாம் என் கையிலிருந்து போகும் சில்லறை
நேராக அவர் டப்பாவில் விழும்.
இப்போது வழியிலேயே முழுசாகிவிடுகிறது.
"பிள்ளைகளுக்குத்தானே" என்றார் ஒருமுறை.
அன்று பைகளின் முடிச்சு
வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

வாரக் கடைசியில் மேலாளர் ஒரு தாளை ஒட்டுவார்,
யார் கல்லாவில் எவ்வளவு சேர்ந்தது என்று.
நான் மூன்றாவது.
இரண்டாவதாக வர வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றுகிறது?

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள்.
அரைக் கிலோ தக்காளி, சோப்பு, ஒரு பால்.
மேலுதட்டில் மூக்கு வரைக்கும் மெல்லிய தையல் கோடு.
பலகையிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.
நான் கேட்கத் தேவையே இல்லை என்று நினைத்து,
கேட்டேன்.
"வேண்டாம்."
மீதியை எண்ணி வாங்கினாள்,
இருபது சென்டாவோ குறைவதாகச் சொன்னாள்.
குறைந்துதான் இருந்தது.
கொடுத்தேன்.

அன்றிரவு பத்து மணிக்கு
எனக்கென்று முட்டையும் காப்பித்தூளும் எடுத்துக்கொண்டு
யாதிராவின் கல்லாவில் நின்றேன்.
என் குரலிலேயே கேட்டாள்.
ஐம்பது சென்டாவோ.
கீழே விழுந்தால் நான்கூடக் குனியமாட்டேன்.
பின்னால் ஆறு பேர்.
எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருப்பதாக
முதுகு சொன்னது.
இத்தனை நாளாக இந்த முதுகையா
முந்நூறு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்?

"வேண்டாம்" என்றேன்.
யாதிரா நிமிர்ந்து பார்த்தாள்.
இழுப்பறையில் சில்லறை இல்லை,
பக்கத்துக் கல்லாவில் கேட்டு வாங்கித் தந்தாள்.
எலிசேயோவிடம் கொடுக்கலாம் என்று திரும்பினேன்;
ஒன்பது மணிப் பேருந்தில் போயிருந்தார்.

சட்டைப் பையிலேயே மறந்துபோனேன்.
இப்போது சலவை இயந்திரத்துக்குள் சுற்றுகிறது.
எவ்வளவு சின்னக் காசு,
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார்.